ஓர் அவுன்ஸ் கனவான்

சாப்பாட்டு விஷயத்தில் பிரசித்தி பெற்ற மனிதர்களைப் பற்றி நம் எழுத்தாளர்கள் குறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் முதல் இலைக்குச் சொந்தம் கொண்டாடுகிறவர், "போதும், போதும்" என்று வாயால் சொல்லிக்கொண்டே கையை மட்டும் இலைக்குக் குறுக்கே நீட்டிவிடாமல் ஜாக்கிரதையாக மடியில் வைத்துக்கொள்கிறவர், நீரிழிவுக்கு மரியாதை செய்யும் பொருட்டுக் காப்பியில் சர்க்கரையைத் தள்ளிவிட்டு, அந்தத் தியாகத்துக்குச் சன்மானமாக இரண்டு ஜிலேபியை வாயில் போட்டுக்கொள்கிறவர் ஆகிய இவர்களெல்லாம் நமக்குப் பழகிய முகங்கள். ஆனால், சில லட்ச ரூபாயைக் கட்டி, மயக்க மருந்துக்கு உடம்பைக் கொடுத்து, இரைப்பையின் மேற்பாகத்தில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு, அதன் பிறகும் ஆகாரத்தின் மீதுள்ள பக்தியில் அணுவளவும் குறையாமல், சொல்லப்போனால் முன்னிலும் அதிக சிரத்தையுடன் உலாவிவருகிற ஒரு புதிய ரகத்தார் நம்மிடையே தோன்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஒரு சரித்திரக்காரர் வாய்க்கவில்லை என்பது என் வருத்தம்.

இந்த ரகத்தாரை மதுரையில் பார்ப்பதுதான் விசேஷம். மற்ற ஊர்களில் மனிதன் பசி எடுத்தால் சாப்பிடுகிறான். மதுரையிலோ, ராத்திரி பதினொரு மணிக்கு மேல், பசி என்பது ஞாபகத்துக்கே வராத வேளையில், கொத்துப் பரோட்டாக் கல்லின் தாளத்தைக் கேட்ட மாத்திரத்தில் சாப்பிடுகிறான். அப்படிப்பட்ட நகரத்தில், கீழமாசி வீதியில் மொத்தப் பலசரக்கு வியாபாரம் செய்துகொண்டு, ஐம்பது வயது வரையில் நாவுக்கு ஒரு குறையும் வைக்காமல் வாழ்ந்து, பிறகு ஒரு நாள் கிட்டங்கி மாடிப்படியின் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கியதன் பலனாக டாக்டரிடம் போய், பட்டையோடு திரும்பி வந்த ஒருவரை வாசகர்கள் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பலசரக்குக் கடைக்காரரை அண்ணாச்சி என்று அழைப்பது வழக்கமாகையால், அவருடைய நிஜப் பெயர் வீட்டுப் பத்திரத்தோடும் பாங்கிப் புத்தகத்தோடும் நின்றுவிட, கடைத்தெரு முழுவதும் அவருக்கு 'பேண்டு அண்ணாச்சி' என்ற பட்டமே நிலைத்துவிட்டது.

டாக்டர் முதலில் போட்டது ஒரு கணக்கு. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அந்தத் தொகையால் எடையை வகுத்தால் கிடைக்கிற எண்தான், ஒருவர் தம் சரீரத்தில் எவ்வளவு ஆஸ்தி சேர்த்திருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி. 168 சென்டிமீட்டர் உயரமும் 110 கிலோ எடையும் உள்ள அண்ணாச்சிக்கு விடை 39 என்று வந்தது. வியாபாரத்தில் எந்தச் சரக்கிலும் நூற்றுக்கு முப்பத்தொன்பது கண்டிராத அவருக்கு, அது 25க்குள் இருக்க வேண்டிய எண் என்று டாக்டர் விளக்கும் வரையில், ஏதோ லாபம் வந்துவிட்டது போலவே இருந்ததாம்.

இந்தக் கணக்கின் மூலபுருஷர் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியம் தேசத்து அறிஞர். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் வானசாஸ்திர ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவிய அந்த மகானுபாவர், நட்சத்திரங்களோடு திருப்தியடையாமல் பூலோகத்து மனிதர்களின் எடையையும் உயரத்தையும் அளக்கத் தலைப்பட்டு, 1832-ல் இந்த விகிதத்தைக் கண்டு சொன்னார். பட்டையின் பூர்வோத்தரமும் அதே தேசத்தில்தான் போய் முடிகிறது. உப்பு நீரை ஏற்றி இறுக்கவும், இறக்கித் தளர்த்தவும் கூடிய பட்டையை 1986-ல் அமெரிக்காவில் குஸ்மாக் என்ற ரணசிகிச்சை நிபுணர் கையாண்டிருந்தார் என்றாலும், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துவாரங்களின் வழியாகவே கருவிகளைச் செலுத்தி அதை மாட்டுகிற வித்தையை 1993-ல் பெல்ஜியத்தில் நடத்திக் காட்டியவர், எத்தியோப்பியாவில் பிறந்து அங்கே குடியேறிய மித்திக்கு பெலாச்சு என்பவர். ஆக, கொழுப்பை அளக்கும் கணக்கும் பெல்ஜியம், கொழுப்பைக் கட்டுப்படுத்தும் பட்டையும் பெல்ஜியம். உலகத்தாருக்குச் சாக்லேட்டையும் வறுத்த உருளைக்கிழங்கையும் ஊட்டி வளர்க்கிற புண்ணிய பூமியும் அதுதான். போதாக்குறைக்கு, அந்தப் பட்டையின் ஊடாக லவலேசமும் தடங்கலின்றி வழுக்கிக்கொண்டு போகிற பதார்த்தங்களில் அக்கிர ஸ்தானம் சாக்லேட்டுக்கே என்பதையும் நினைத்துப் பார்த்தால், ஒரு தேசம் முழுவதுமே வியாபாரத்தில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்க முடியும் என்று ஆச்சரியப்பட வேண்டியிருக்கிறது. அண்ணாச்சி மட்டும் ஆச்சரியப்படவில்லை. "முறம் விக்கிறவன்தானே புடைக்கிறதுக்குச் சரக்கும் வச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டார்.

பட்டையின் வேலை சிக்கலானதல்ல. இரைப்பையின் உச்சியைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் ஒன்றைப் பூட்டிவிட்டால், அதற்கு மேலே ஒரு சிறிய அறையும் கீழே பழைய பெரிய மண்டபமுமாக இரைப்பை இரண்டுபட்டுப் போகிறது. மேல் அறையின் கொள்ளளவு ஏறக்குறைய ஓர் அவுன்ஸ், அதாவது 30 மில்லி. அது நிரம்பிய உடனே வயிறு நிரம்பிவிட்டதென்று மூளைக்குச் செய்தி போய்விடும். அங்கிருந்து குறுகிய வழியாக ஆகாரம் நிதானமாகக் கீழே இறங்கும். வளையத்தின் உட்புறத்தில் ஒரு சிறு பலூனும், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயும், அந்தக் குழாயின் முனையில் வயிற்றுத் தோலுக்கு அடியில் புதைத்த ஒரு பொத்தானும் உண்டு. அந்தப் பொத்தானில் ஊசியைக் குத்தி உப்பு நீரை ஏற்றினால் வழி குறுகும், எடுத்தால் அகலும். எட்டுப் பரோட்டாவுக்கும் அவற்றுக்கு ஈடான சால்னாவுக்கும் இடம் கொடுத்துக்கொண்டிருந்த மகா மண்டபத்தின் வாசலில், ஓர் அவுன்ஸ் அளவில் ஒரு திண்ணையைக் கட்டி, வருகிறவர்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்து ஒவ்வொருவராகத்தான் உள்ளே போக வேண்டும் என்று விதித்துவிட்டார்கள்.

முதல் சில வாரங்கள் வெறும் திரவ ஆகாரம், பிறகு மசித்தது, அதன் பிறகு குழைந்தது, அப்புறம்தான் மனிதர்கள் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பாடு என்ற கிரமத்தை அண்ணாச்சி குருகுலவாசம் போல அனுஷ்டித்தார். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பசித்தவன் கஞ்சி குடித்த கதையை யாரும் கேட்க விரும்புவதில்லை. அவருடைய அவதாரத்தின் மெய்யான மகிமை, கெட்டி ஆகாரத்துக்கு உத்தரவு கிடைத்து, முதல் அரை இட்லி தட்டில் வந்து உட்கார்ந்த அன்றைக்குத்தான் ஆரம்பமாயிற்று.

விதி என்னவென்றால், கடலை அளவுக்கு விண்டு வாயில் போட்டுக்கொண்டு, இருபது முப்பது தடவை மென்று, கூழான பிறகே விழுங்க வேண்டும். இடையில் தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் ஆனாலும் அவசரம் கூடாது. இட்லியை மெல்லுவது என்பது மதுரையில் கேள்விப்படாத சங்கதி. அது வாய்க்குள் நுழைந்து சாம்பாரின் சகாயத்தால் தானாகவே இறங்கிப் போகிற வஸ்து என்றுதான் அண்ணாச்சியும் ஐம்பது வருஷம் நம்பியிருந்தார். இப்போது முப்பது தடவை மென்றபோதோ, இட்லிக்கு ஒரு ருசி இருக்கிறதென்ற உண்மை அவருக்குப் பிரத்தியக்ஷமாயிற்று. அதோடு நின்றிருந்தால் லோகத்துக்கு க்ஷேமம். உளுந்தை மூட்டை மூட்டையாக வாங்கி விற்ற மனிதருக்கு, தாம் விற்ற உளுந்தின் குணாதிசயங்கள் அனைத்தும் ஒரே காலை வேளையில் நாக்கில் வந்து தரிசனம் கொடுத்துவிட்டன. "இது போன வருஷத்து உளுந்துல்லா! வெந்தயத்தைக் கூடப் போட்டு ஏமாத்தியிருக்கான்" என்று அவர் தீர்ப்புச் சொன்னபோது, பரிமாறியவர் நடுங்கிப்போனதாகக் கேள்வி.

அன்று முதல் அவர் ரசிகரானார். முன்பு வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்ததெல்லாம் இப்போது பேச்சாக வெளியே வரத் தொடங்கியது. ஒரு கரண்டி ரசத்தை உதட்டில் ஒற்றிக்கொண்டு, அது கட்டிப் பெருங்காயமா தூள் பெருங்காயமா, மிளகை இடித்தார்களா அரைத்தார்களா, துவரம் பருப்பு எத்தனை மாதம் மூட்டையில் கிடந்தது என்று கால் மணி நேரம் வியாக்கியானம் செய்வார். கேட்டுக்கொண்டிருக்கிறவருடைய தோசை ஆறிப்போகும். எட்டுப் பரோட்டாவை மௌனமாகத் தின்ற பழைய அண்ணாச்சியைப் போல ஒரு சாதுவான சாப்பாட்டுத் துணை கிடைக்காது என்று அவருடைய சிநேகிதர்கள் இப்போது ஏக்கத்தோடு சொல்லிக்கொள்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

கல்யாண வீட்டில் அவர் படுகிற பாட்டையும், பிறர் அவரால் படுகிற பாட்டையும் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். நம்மவர்களில் சாப்பாடு என்பது ஒருவருடைய சொந்த விவகாரம் அல்ல. இலையில் என்ன மீதி இருக்கிறது என்பதைப் பார்த்தே, வந்தவருக்கு நம்மிடம் பிரியமா, மனஸ்தாபமா என்று நிர்ணயிக்கிற சமூகம் இது. அண்ணாச்சியின் இலையிலோ, கூட்டும் பொரியலும் அவியலும் வடையும் அப்பளமும் வைத்தது வைத்தபடியே இருக்க, மூலையில் ஓர் எலுமிச்சம்பழ அளவுச் சாதம் மட்டும் பருப்போடு பிசையப்பட்டு, தியானத்தில் இருப்பதுபோல் கண் மூடி அசைபோடுகிற அவர் முன்னால் காத்துக்கொண்டிருக்கும். பெண்ணைப் பெற்றவர் பந்தி விசாரித்துக்கொண்டே வருகிறவர், அந்த இலைக்கு நேரே வந்ததும் திகைத்து நின்றுவிடுவார்.

"என்னண்ணே, இலையில கையே வைக்கலையே? நாங்க ஏதும் குறை வச்சுட்டமா?"

வாயில் இருக்கிற கவளத்துக்கு இன்னும் பதினெட்டு மெல்லல் பாக்கியிருப்பதால் அண்ணாச்சியால் பதில் சொல்ல முடியாது. ஒரு விரலை உயர்த்திப் பொறுக்கும்படி ஜாடை காட்டுவார். அந்த விரலைக் கண்டதும் பெண்ணைப் பெற்றவருக்கு, மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து ஏதோ நிபந்தனை வரப்போகிறது என்று அடிவயிற்றைக் கலக்கும். மாமன் வருவார், மச்சான் வருவார், சமையற்காரர் அகப்பையோடு வந்து நிற்பார். கடைசியில் கவளம் இறங்க, அண்ணாச்சி விஷயத்தை விளக்கத் தொடங்குவார், விளக்கத்துக்கு நிரூபணமாகச் சட்டையைத் தூக்கி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தம் வயிற்றில் வைத்து, "இங்ஙன தொட்டுப் பாருங்க, பொத்தான் மாதிரித் தட்டுப்படுதா?" என்று கேட்பார். அதற்கு மேல் அந்த வரிசையில் யாருக்கும் பாயசத்தில் கவனம் இருக்காது. எச்சில் கையை ஏந்தியபடி மூன்று பேர் அவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முறை வைத்துக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு வலது பக்கத்தில் உட்காரும் வாலிபனுடைய கதி இதைவிடப் பரிதாபகரமானது. தாம் சாப்பிட முடியாத விருந்தை அண்ணாச்சி அந்தப் பையன் மூலமாகச் சாப்பிட்டுத் தீர்ப்பது என்று சங்கல்பம் செய்துகொண்டிருப்பார். "வடையைச் சாம்பார்ல ஊறவிடாதடா, முறுகலோட கடி." "அந்த அவியலை ஏன் தொடலை? சேனைக்கிழங்கு எப்படி வெந்திருக்குன்னு பாத்துச் சொல்லு." "தம்பி, இந்த இலைக்கு இன்னொரு கரண்டி நெய் விடு!" பையன் மறுத்தால், பெரியவர் முகம் வாடிவிடும். உண்டு முடித்து எழுந்திருக்க முடியாமல் கை ஊன்றுகிற அவனைப் பார்த்து, ஏப்பம் மட்டும் அண்ணாச்சி விடுவார்.

எப்போதாவது சபலம் ஜயித்துவிடுவதும் உண்டு. பரோட்டா, புதிதாய்ச் செய்த ரொட்டி, மாவுப் பிடிப்புள்ள சப்பாத்தி, முருங்கைக்காயின் நார், சரியாக மெல்லாத ஆட்டுக்கறி, உதிரி உதிரியான சாதம் இவையெல்லாம் பட்டைக்கு ஆகாதவை. குறுகிய வழியில் போய் அடைத்துக்கொள்ளும். அண்ணாச்சி ஒரு நாள் கறிதோசையின் ஓரத்தைப் பிய்த்துப் பேச்சு மும்முரத்தில் பத்தே மெல்லலில் விழுங்கிவிட்டார். அடுத்த நிமிஷம் பேச்சு நின்றது. மார்புக்கு நடுவில் கை போயிற்று. கண்ணில் நீரும் வாயில் உமிழ்நீரும் சுரக்க, எழுந்து வாசற்பக்கம் போனவர் எதுக்களித்து முடித்துத் திரும்பி வருவதற்குள், கடைக்காரர் மற்றவர்களிடம் தம் கறியில் ஒரு தோஷமும் இல்லை என்று மீனாக்ஷி மேல் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

இத்தனை கண்டிப்பான பட்டை, மற்றொரு திசையில் காட்டுகிற தாராளத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. கூடையும் மூட்டையுமாக நடந்து வருகிற ஏழைப் பிரயாணியை நிறுத்தி அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மோட்டாரில் வருகிற கள்ளக் கடத்தல்காரனுக்குச் சலாம் போட்டுக் கதவைத் திறந்துவிடுகிற சோதனைச் சாவடிச் சேவகனைப்போல, உடம்புக்கு நல்லதான சுண்டலையும் கோழிக்கறியையும் கீரைத் தண்டையும் அது வழிமறிக்கிறது. ஐஸ்கிரீமும் பாஸந்தியும் பாதாம் கீரும் வந்தால் ஏனென்று கேட்பதில்லை. இளகுவதும் வழுக்குவதும் அந்த ஓர் அவுன்ஸ் திண்ணையில் உட்காராமலே உள்ளே போய்விடுவதால், வயிறு நிரம்பிய செய்தியும் மூளைக்குப் போவதில்லை. இந்த ரகசியத்தைப் பட்டை போட்டுக்கொண்டவர்கள் அனைவரும் ஒருவர் சொல்லாமலே தெரிந்துகொள்கிறார்கள். அண்ணாச்சி அதைக் கண்டுபிடித்த பிறகு, அவருடைய பூகோள சாஸ்திரமே மாறிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நண்பன். விருதுநகர்ப் பொரித்த பரோட்டா விரோதி. தூத்துக்குடி மக்ரூன் வாயில் போட்டதும் கரைந்துவிடுவதால் நண்பன். திண்டுக்கல் பிரியாணி விரோதி. பழனிப் பஞ்சாமிர்தம் நண்பன் மட்டுமன்றிப் பிரசாதமும் ஆகையால் மறுப்பது பாவம். மணப்பாறை முறுக்கைப் பற்றி மட்டும் சிறிது காலம் சந்தேகம் இருந்தது. நன்றாக மென்றால் மாவாகிவிடும் என்று நிரூபணமானதும் அதுவும் நேச நாடுகளில் சேர்ந்துவிட்டது.

எப்படியோ, முதல் ஒரு வருஷத்தில் இருபத்தைந்து கிலோ குறைந்தார். ஆனால் நம் ஊரில் இளைத்தவனுக்குப் பாராட்டுக் கிடைக்கும் என்று நினைப்பது வீண். மோதிரம் விரலில் சுழல, சட்டை தோளில் தொங்க, புது உற்சாகத்தோடு கடைத்தெருவில் நடந்தவரை எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "என்ன அண்ணாச்சி, சர்க்கரையா?" என்று கேட்டார்கள், சிலர் அதைவிடப் பயங்கரமான வியாதிகளை மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். கடன் கொடுத்திருந்த ஒருவர் மறுநாளே வந்து கணக்கைத் தீர்த்துக்கொண்டு போனார். லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய மெலிவுக்கு இப்படித் துக்க விசாரணை நடப்பதைக் கண்டு அவர் மனம் நொந்துபோனார்.

குறைந்த எடை எங்கே போயிற்று என்பதை வெளியே தேட வேண்டியதில்லை. முப்பது வருஷமாக அவருக்குப் படியளந்து பழகிய அவர் மனைவிக்கு, பானையின் அளவைக் குறைக்கக் கை வரவில்லை. சமைத்ததைக் கொட்டவோ மனம் வரவில்லை. "வீணாப் போகுதே" என்ற ஒரே காரணத்தால் அவர் மீதம் வைப்பதையெல்லாம் அந்த அம்மாள் ஏற்றுக்கொண்டு, தம்பதிகளின் கூட்டு எடையில் பெரிய மாறுதல் ஏற்படாமல் காப்பாற்றி வருகிறாள்.

அண்ணாச்சிக்கு உட்பகையும் உண்டு. இந்தக் காலத்து டாக்டர்கள் பட்டையைப் பெரும்பாலும் கைவிட்டு, இரைப்பையில் பெரும் பகுதியை வெட்டி எடுத்து மீதியைக் குழாய் போலத் தைத்துவிடுகிற முறைக்குப் போய்விட்டார்கள். அந்த சிகிச்சை செய்துகொண்டவர் எவரேனும் எதிர்ப்பட்டால், சைவ வைணவ வாதம் தோற்றுப்போகும். "வெட்டினது வெட்டினதுதான், நம்மளது வேணும்னா நாளைக்கே கழட்டிரலாம்" என்பது அண்ணாச்சியின் சித்தாந்தம். கழற்றும் உத்தேசம் அவருக்கு லேசமும் இல்லை. ஆனால் கழற்றலாம் என்ற ஞானம், பூட்டிய பீரோவின் சாவியை மடியில் வைத்திருப்பவனுடைய நிம்மதியை அவருக்குக் கொடுக்கிறது. எதிராளி விடுவதில்லை. "பசிக்கவே பசிக்காது அண்ணாச்சி எனக்கு" என்பார். பசியே இல்லாத ஜன்மத்தைக் கற்பனை செய்து பார்த்து, அண்ணாச்சி உண்மையான அனுதாபத்தோடு தலையை ஆட்டுவார்.

இரண்டாம் வருஷத்தில் எடை ஓரிடத்தில் நின்றுவிட்டது. டாக்டர் சிறு வயதுக்காரர்; மரியாதை தெரிந்தவர்; ஆனால் தராசை நம்புகிறவர்.

"என்னங்கய்யா, மூணு மாசமா ஒரு கிலோகூட இறங்கலையே? என்னதான் சாப்பிடுறீங்க?"

"சாப்பாடா? அரை இட்லி உள்ள போகிறதுக்குள்ள மூச்சு முட்டுது டாக்டர்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆகாரக் குறிப்பு எழுதும்படி கொடுத்திருந்த நோட்டுப் புத்தகத்தையும் அவர் ஒளிக்காமல் நீட்டினார். பேரேடு எழுதிப் பழகிய கையாகையால் எழுத்து முத்து முத்தாக இருந்தது. காலை: இட்லி, அரை. பதினோரு மணி: பால், சுண்டக் காய்ச்சியது, ஒரு கிண்ணம். மத்தியானம்: தயிர்ச் சாதம், மூன்று கரண்டி, பழம், நெய்யும் தேனும் சேர்ந்தது, சிறிது. நான்கு மணி: கோதுமை, சிறிதளவு. மாலை: பருத்தி விதையின் சாறு, கருப்பட்டியுடன். இரவு: பசியில்லை, பால் மட்டும். டாக்டர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். மதுரையில் பிறந்து வளர்ந்தவராகையால், பாஸந்தியும் பஞ்சாமிர்தமும் அல்வாவும் பருத்திப்பாலும் அந்த வரிகளுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டுவதை அவர் கண்டுகொண்டிருக்க வேண்டும்; முகத்தில் ஒரு புன்னகை தோன்றி, தொழில் நினைவு வந்ததும் மறைந்தது. ஒன்றும் விவாதிக்காமல் மேஜையில் படுக்கச் சொல்லி, பொத்தானைத் தடவிப் பார்த்து, ஊசியால் அரை மில்லி உப்பு நீரை ஏற்றினார்.

"கொஞ்சம் இறுக்கியிருக்கேன். ரெண்டு நாளைக்கு வயித்துக்கு வேலையே கொடுக்கக் கூடாது, அய்யா. கெட்டியா எதுவும் தொடாதீங்க. திரவமா இருக்கிறது மட்டும்தான்."

"திரவம் மட்டுமா?"

"திரவம் மட்டும்."

"அதைக் கொஞ்சம் சீட்டுல எழுதிக் கொடுத்துருங்க டாக்டர். வீட்டுல கேட்டா காட்டணும்."

சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு வெளியே வந்த அண்ணாச்சி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். "வீட்டுக்குத்தானேண்ணே?" என்று கேட்ட பையனிடம், "வீட்டுக்கு அப்புறம் போவோம். முதல்ல விளக்குத்தூண் பக்கம் விடு. ஜிகர்தண்டாக் கடை திறந்திருக்கும்; டாக்டர் எழுதிக் கொடுத்ததை அங்கேயே வாங்கிச் சாப்பிட்டுப் போயிரலாம்" என்றார்.